கமக்காரர் வீட்டு உணவு: பழகிய பண்டங்களை இலேசாகச் சமைக்கும் முறை

1. நெல்லை விற்று அரிசியை வாங்குதல்

கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர், சம்மாந்துறை, அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று ஆகிய ஊர்கள் நெற்செய்கைக்குப் பெயர்பெற்றவை. பட்டிப்பளை ஆறு எனத் தமிழில் வழங்கும் கல்லோயாவை இங்கினியாகலையில் மறித்துக் கட்டும் வேலை 1949 ஆம் ஆண்டில் தொடங்கிற்று. அந்நீர்த்தேக்கத்தின் நீர் இப்பகுதி வட்டைகள் பலவற்றுக்கு இன்றும் பாய்கின்றது. பெரும்போகம், சிறுபோகம் என்னும் இரு போகங்களிலும் ஆயிரக்கணக்கான மூடை நெல் இவ்வயல்களிலிருந்து வெளியேறுகின்றது.

இவ்வளவு நெல் விளையும் வீடுகளிற் பல, தாம் உண்ணும் அரிசியைக் கடையிலேயே வாங்குகின்றன என்பது கவனிக்கத்தக்கது. அறுவடை முடிந்தவுடன் கடனை அடைப்பதற்காக நெல் முழுவதும் களத்திலேயே விற்கப்படுகின்றது. பின்னர் அதே நெல், தவிடு முற்றாக நீங்கிய வெள்ளை அரிசியாகக் கூடிய விலைக்கு வீட்டுக்குத் திரும்புகின்றது. காலையிலும் இரவிலும் அரிசி மாவுக்குப் பதிலாகக் கோதுமை மா அடுப்புக்கு வருகின்றது. கோதுமை இந்நாட்டு வயல்களில் விளையும் பயிரன்று, கப்பலில் வந்திறங்குவது. 2022 ஆம் ஆண்டில் நாட்டில் அந்நியச் செலாவணி அருகியபோது கோதுமை மாவின் விலை எவ்வாறு ஏறியது என்பதை எந்தக் குடும்பமும் மறந்திராது. முற்றத்தில் முருங்கையும் வேலியோரத்தில் மரவள்ளியும் இருந்த வீடுகள் அக்காலத்தை ஓரளவு எளிதாகக் கடந்தன.

விலை ஒரு புறமிருக்க, உடல்நலம் இன்னும் பெரிய பொருளாகும். 2005, 2006 ஆம் ஆண்டுகளில் இலங்கையின் ஏழு மாகாணங்களில் நடத்தப்பட்ட ஆய்வு, 20 வயதைக் கடந்தோரில் ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்கு நீரிழிவு இருப்பதாகக் கண்டது. கிழக்கு மாகாணம் அவ்வாய்வில் இடம்பெறவில்லை. பின்னர் நாடு தழுவி நடந்த ஆய்வுகள் அதனிலும் கூடிய தொகையையே காட்டின. நீரிழிவு நகரவாசிகளின் நோய் என்று எண்ணுதல் தவறாகும். கமக்காரருக்கு இந்நோயினால் வரும் தீங்கு தனியானது. நோய் முற்றியவரின் பாதத்தில் உணர்ச்சி குன்றும். வெறுங்காலுடன் சேற்றில் இறங்குபவரை முள்ளோ சிப்பியோ கீறினால், அவர் அதனை அறியார். அறியாத புண் சேற்று நீரில் பழுக்கும். ஆறாத புண் காலையே கேட்கும். காலை இழந்தவர் வரப்பில் நடப்பதெங்ஙனம்?

ஆகவே, கமக்காரர் வீட்டு உணவைச் சீர்செய்தல் சமையலறைக்கு மட்டும் உரிய காரியமன்று. விதைநெல்லைத் தேர்வது போன்று, எருவை அளந்து இடுவது போன்று, அதுவும் கமத்தொழிலின் ஓர் அங்கமேயாம். இதற்காகப் பழகிய பண்டங்களைக் கைவிடவேண்டியதில்லை. பிட்டும் ஆணமும் நெய்ச்சோறும் நோன்புக் கஞ்சியும் வட்டிலப்பமும் இப்பகுதி மக்களின் உரிமைப் பண்டங்கள். அவற்றின் பெயரையும் மணத்தையும் வைத்துக்கொண்டு, உள்ளிருக்கும் பாரத்தைக் குறைக்கும் வழியே இங்குக் கூறப்படுகின்றது.

2. உழைப்புக் குறைந்தது, சோறு குறையவில்லை

முற்காலத்துக் கமக்காரர் எருமை கட்டி உழுதார், அரிவாளால் வெட்டினார், சூடு வைத்து மிதித்தார். அவ்வேலைக்குப் பெருந்தொகையான சோறு தேவைப்பட்டது. இன்று உழவு இயந்திரமும் அறுவடை இயந்திரமும் அவ்வேலைகளைச் செய்கின்றன. வயலுக்குச் செல்வதும் மோட்டார் சைக்கிளிலேயே. உடலின் உழைப்பு இவ்வாறு குறைந்தும், பீங்கானில் இடும் சோற்றின் குவியல் தந்தையார் காலத்து அளவிலேயே நிற்கின்றது.

ஒரு சுண்டு அரிசி ஏறத்தாழ 200 கிராம் நிறையுடையது. 100 கிராம் அரிசி ஏறத்தாழ 350 கலோரி வெப்பத்தைத் தரும். ஒருவர் நாளொன்றுக்கு இரண்டு சுண்டு அரிசியின் சோற்றை உண்பாராயின், சோற்றினால் மட்டும் 1,400 கலோரி சேரும். கடும் உழைப்பில்லாத வளர்ந்த ஆண் ஒருவருக்கு நாள் முழுவதற்கும் 2,000 முதல் 2,400 கலோரி வரை போதியது. ஆணமும் பொரியலும் தேநீரும் பலகாரமும் இக்கணக்குக்குப் புறம்பானவை. எஞ்சுவது உடலிற் கொழுப்பாகத் தங்கும்.

இதற்கு எளிய அளவுகோல் ஒன்று உண்டு. பீங்கானை மனத்தால் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியில் மரக்கறியும் கீரையும் இடுக. மறு பாதியை மீண்டும் இரண்டாக்கி, ஒரு கூறில் சோறும், மற்றக் கூறில் மீன், முட்டை, பருப்பு, பயறு என்பவற்றுள் ஒன்றும் இடுக. நாற்று நடும் நாட்களிலும், வரப்புக் கட்டும் நாட்களிலும் சோற்றின் கூறைப் பெருக்கலாம். வேலையற்ற நாளில் அதனைச் சுருக்குதல் வேண்டும். எருமைக்குத் தீனி வைப்பவர் வேலை நாளையும் ஓய்வு நாளையும் ஒன்றாகக் கருதாதது போன்றே இதுவும்.

சஹனில் ஒருங்கு கூடி உண்ணும் விருந்துகளில் ஒவ்வொருவரும் உண்ட அளவு தெரியாமற் போவது இயல்பு. அங்கும் சஹனின் நடுவில் இறைச்சியுடன் மரக்கறிச் சம்பலையும் கீரைச் சுண்டலையும் தாராளமாக வைத்தால், சோற்றின் பங்கு தானாகவே குறையும்.

3. அரிசியைத் தீட்டும் அளவு

நெல்லின் உமிக்குக் கீழே மெல்லிய தவிட்டுப் படையும் முளையும் உள்ளன. விற்றமின் பீ 1 எனப்படும் தயமினும், நார்ப்பொருளும், நல்ல எண்ணெயும் பெரும்பாலும் இப்பகுதிகளிலேயே அடங்கியுள்ளன. ஆலையில் அரிசியை வெண்மையாகத் தீட்டும்போது இவையெல்லாம் தவிட்டுடன் போய்விடுகின்றன. மாப்பொருள் மட்டும் மீந்து வீட்டுக்கு வருகின்றது.

இவ்வுண்மை உலகுக்குத் தெரியவந்த வரலாறு அறியத்தக்கது. சாவகத் தீவின் பத்தாவியா நகரில் கடமையாற்றிய ஒல்லாந்த மருத்துவர் கிறிஸ்தியான் ஐக்மன், 1890 ஆம் ஆண்டுகளில் பெரிபெரி நோயை ஆராய்ந்தார். தீட்டிய அரிசியை மட்டும் தின்ற கோழிகள் கால் தள்ளாடி நோயுற்றன. தவிடு நீங்காத அரிசியைத் தின்றவை நலமுற்றன. தவிட்டில் உயிர்காக்கும் பொருளொன்று உண்டு என்னும் அறிவு இதிலிருந்தே வளர்ந்தது. 1929 ஆம் ஆண்டில் இதற்காக அவருக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது. இப்பகுதி வீடுகளிலும் தவிடு கோழிக்கே இடப்படுகின்றது. கோழி கொழுக்கின்றது; வீட்டார் மெலிந்த சத்தை உண்கின்றனர்.

சிவப்பரிசியைத் தவிட்டின் ஒரு பகுதியாவது எஞ்சுமாறு குறைவாகத் தீட்டி உண்பது நன்று. அம்பலாந்தோட்டை நெல் ஆராய்ச்சி நிலையத்தில் உருவாக்கப்பட்ட ஏ.ரீ. 362 சிவப்பரிசி இனமாகும். பச்சைப்பெருமாள் என்னும் பழைய இனமும் சிவப்பரிசியே. வெள்ளை இனங்களே உள்ள வீட்டார் நெல்லை அவித்துக் குற்றுதல் வேண்டும். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள தயமினின் ஒரு பகுதி அரிசியின் உள்ளே ஊடுருவும். ஆதலின் தீட்டிய பின்னும் அது முற்றாக நீங்குவதில்லை. சோற்றுக்கு அரிசியை ஒருமுறை அல்லது இருமுறை மட்டும் கழுவுக. பலமுறை அரைத்துக் கழுவுவதாலும், கஞ்சியை வடித்துக் கொட்டுவதாலும் எஞ்சிய சத்தும் நீருடன் போகும்.

ஒன்றை மறத்தலாகாது. சிவப்பரிசியும் மாப்பொருளே. சிவப்பு என்பதற்காக இரட்டிப்பாக உண்பவருக்கு அதனால் வரும் பயன் எதுவுமில்லை.

வீட்டுக்கென நிறுத்திவைக்கவேண்டிய நெல்லின் கணக்கு வருமாறு: வளர்ந்தோர் ஐவர் உள்ள குடும்பத்தில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 300 கிராம் அரிசி எனக் கொண்டால், மாதத்துக்கு 45 கிலோவும் ஆறு மாதத்துக்கு 270 கிலோவும் வேண்டும். 100 கிலோ நெல்லிலிருந்து ஏறத்தாழ 65 முதல் 70 கிலோ வரை அரிசி கிடைக்கும். ஆகவே 60 கிலோ கொள்ளும் மூடை ஏழு இருந்தால் அடுத்த அறுவடை வரையில் அக்குடும்பத்துக்குப் போதும். களத்தில் விலை பேசுமுன் இவ்வேழு மூடையையும் கணவனும் மனைவியும் கலந்து ஒதுக்கி வைத்தல் வேண்டும். இதனை அரிசியாக்கி வைக்காது, நெல்லாகவே உலர்ந்த இடத்தில் பலகைமேல் அடுக்குக. குறையத் தீட்டிய அரிசியின் தவிட்டெண்ணெய் நாட்செல்லச் சிக்குவாடை கொள்ளும். ஆதலின் மாதமொருமுறை ஒரு மூடை அளவில் ஆலைக்கு அனுப்புதலே தக்கது.

4. பிட்டு

கிழக்குக் கரையின் காலையுணவு பிட்டு. கோதுமை மாவிற் செய்து, மாவுக்குச் சமமாகத் தேங்காய்த் துருவல் சேர்த்து, சீனியும் வாழைப்பழமும் இட்டு உண்பது இன்று வழக்கமாயிற்று. அது நாவுக்கு இனியது, வயிற்றில் நிலைப்பதில்லை. இரண்டு மணி நேரத்தில் மீண்டும் பசிக்கும்.

நால்வருக்கு வேண்டிய அளவு: வறுத்த சிவப்பரிசி மா 2 கோப்பை, குரக்கன் மா 1 கோப்பை, தேங்காய்த் துருவல் முக்காற் கோப்பை, கழுவி நீர் வடித்து அரிந்த முருங்கை இலை 1 கோப்பை, உப்பு அரைத் தேக்கரண்டி.

இரு மாவையும் உப்பையும் கலந்து, சூடான நீரைச் சிறிது சிறிதாகத் தெளித்துக் குறுணியாக உதிர்க்க. கைப்பிடியில் அழுத்தினால் உருண்டையாக நிற்கவும், விரலால் தட்டினால் உதிரவும் வேண்டும், அதுவே பதம். இலையையும் தேங்காய்த் துருவலையும் இறுதியிற் சேர்த்துக் குழலிலோ நீற்றுப்பெட்டியிலோ இட்டு 10 முதல் 12 நிமிடம் வரை அவிக்க. குரக்கன் ஆறினால் இறுகும். ஆதலின் சூட்டுடன் பரிமாறுதல் வேண்டும். சீனிக்குப் பதிலாக மீன் ஆணத்துடனோ, அவித்த பயற்றுடனோ, ஒரு கரண்டி எருமைத் தயிருடனோ உண்ணலாம். தயிருக்குப் பாணி ஊற்றாது பழத்துண்டுகளைச் சேர்ப்பது மேல்.

குரக்கன் வறியோர் உணவு என்றும், விருந்தாளிக்குக் கறுத்த பிட்டு வைத்தல் மரியாதையன்று என்றும் சில வீடுகளில் மூத்தோர் கூறுவர். குரக்கன் இன்று கடையில் மலிவான தானியமன்று. கல்சியமும் நார்ப்பொருளும் அதில் வெள்ளை அரிசியிலும் பன்மடங்கு உண்டு. வடமாகாணத்தில் விவசாயத் திணைக்களத்தின் ஆதரவுடன் கமக்காரப் பெண்கள் நடத்தும் அம்மாச்சி உணவகங்களில் குரக்கன் பண்டங்களை வாங்குவதற்கு வசதி படைத்தோரும் வரிசையில் நிற்கின்றனர். வீட்டில் முதல் வாரம் கால் பங்கு குரக்கனுடன் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டினால் நாவும் பழகும், மூத்தோரும் இசைவர்.

5. ஆணமும் மீனும்

தேங்காய்ப் பால் இல்லாத ஆணம் இப்பகுதியில் அரிது. 100 கிராம் தேங்காயில் ஏறத்தாழ 33 கிராம் கொழுப்பு உள்ளது. முதற்பாலில் அதன் பெரும்பகுதி இறங்கிவிடும். இரண்டாம் பாலில் குறைவாகவே இருக்கும். ஆகவே ஆணத்தை இரண்டாம் பாலிலேயே முழுதாகச் சமைத்து, இறக்கும் தருணத்தில் முதற்பாலில் இரண்டு மேசைக்கரண்டி மட்டும் மேலே ஊற்றுக. மணமும் நிறமும் முன்போலவே இருக்கும். தடிப்பு வேண்டுமாயின், ஒரு துண்டு பூசணிக்காயை உடன் அவித்து மசித்துவிடுக. தேசிக்காய்ப் புளியைச் சட்டியை இறக்கிய பின்னரே விடுதல் வேண்டும். முன்னர் விட்டால் பால் திரையும்.

வாரத்தில் மூன்று நாளாவது பால் சேராத மீன் புளியாணம் வைத்தல் நலம். பழப்புளி, உள்ளி, இஞ்சி, பச்சைக் கொச்சிக்காய், மிளகு, கறிவேப்பிலை ஆகியவற்றுடன் மண்சட்டியில் வைக்கும் இவ்வாணத்துக்கு ஒரு தேக்கரண்டி எண்ணெய் போதும். கரைவலையில் வரும் நெத்தலி, சூடை, சாளை போன்ற சிறு மீன்கள் விலையிற் குறைந்தவை, சத்தில் குறைந்தவையல்ல. முள்ளுடன் உண்ணத்தக்க நெத்தலி எலும்புக்கு வேண்டிய கல்சியத்தைத் தரும். இவற்றை ஆழ எண்ணெயில் பொரித்தால் நற்பயனிற் பாதி கெடும். மஞ்சளும் மிளகும் பூசித் தாச்சியில் சில துளி எண்ணெய் தடவிச் சுட்டெடுத்தல் போதியது.

கருவாடும் மாசியும் உப்பு மிகுந்தவை. வளர்ந்தோர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்கு, அதாவது ஒரு மட்டத் தேக்கரண்டிக்கு, உட்பட்ட உப்பே போதியதென உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. ஒவ்வொரு வீட்டிலும் இதனைச் சோதிக்கலாம். உப்புப் பொதியைத் திறக்கும் நாளை அதன் மேலேயே எழுதிவைக்க. வளர்ந்தோர் ஐவர் உள்ள வீட்டில் 400 கிராம் பொதி 16 நாளாவது வரவேண்டும். 10 நாளில் முடிந்தால் அவ்வீட்டார் ஒருவருக்கு 8 கிராம் வீதம் உண்கின்றனர். கருவாட்டின் உப்பும் கடைப் பண்டங்களின் உப்பும் இக்கணக்குக்கு மேலானவை. உயர் குருதியமுக்கம் வருவதற்கு இதுவும் ஒரு காரணமாகும். உப்பைக் குறைக்கும்போது புளியையும் மிளகையும் இஞ்சியையும் சற்றுக் கூட்டினால் குறை தோன்றாது.

6. நெய்ச்சோறும் கொத்துரொட்டியும்

நெய்ச்சோறு விருந்துக்குரியது. அதனை வாரந்தோறும் சமைக்கும் வழக்கம் பல வீடுகளிற் புகுந்துள்ளது. பத்துப் பேருக்கான ஒரு கிலோ அரிசிக்குக் கால் கிலோ நெய் விடுவோரும் உளர். நெய்ச்சோற்றின் சுவையில் பெரும்பங்கு ஏலம், கறுவா, கராம்பு, இரம்பை, பொன்னிறமாக வதக்கிய வெங்காயம் ஆகியவற்றினாலேயே வருகின்றது. நெய்யின் மணத்துக்குச் சிறிதளவே போதும்.

ஒரு கிலோ அரிசிக்கு நெய் நான்கு மேசைக்கரண்டி கொள்க. மூன்று கரண்டியில் வெங்காயத்தையும் வாசனைப் பொருள்களையும் வதக்கி, அரிசியையும் சிறு துண்டுகளாக அரிந்த கரட், போஞ்சி ஆகியவற்றையும் சேர்த்து அவிக்க. எஞ்சிய ஒரு கரண்டியைச் சோறு வெந்து தம்மில் இருக்கும்போது மேலே தெளிக்க. மூடியைத் திறக்கும்போது எழும் மணம் அக்கடைசிக் கரண்டியினுடையதே. ஒரு மேசைக்கரண்டி நெய் ஏறத்தாழ 13 கிராம். 120 கலோரி தருவது. இம்முறையில் ஒருவருக்கு ஏறத்தாழ 170 கலோரி குறையும்.

கொத்துரொட்டியை இரவில் கடையிலிருந்து வாங்கும் வழக்கம் இளைஞரிடையே மிகுந்துள்ளது. வீட்டிலும் அதனைச் செய்யலாம். குரக்கன் மாவையும் ஆட்டா மாவையும் சம பங்காகக் குழைத்து நான்கு ரொட்டி தட்டி, எண்ணெயின்றிச் சுடுக. குரக்கனில் மாவைப் பிணைக்கும் பசைத்தன்மை இல்லை. தனியே குழைத்தால் ரொட்டி வெடிக்கும் என்பதாலேயே ஆட்டா மா சேர்க்கப்படுகின்றது. ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் வெங்காயம், உள்ளி, கறிவேப்பிலை என்பவற்றை வதக்கி, கோவா, கரட், லீக்ஸ் ஆகிய மரக்கறிகளில் அரைக் கிலோவும், இரண்டு முட்டையும், தோல் நீக்கிய கோழியிறைச்சி 200 கிராமும் சேர்த்து வெந்தபின் நறுக்கிய ரொட்டியைக் கலக்க. நால்வருக்குப் போதும். இதில் ரொட்டியிலும் மரக்கறி மிகுந்திருத்தலே முறை.

7. நோன்புக் கஞ்சி

நோன்பு திறக்கும் வேளையில் உடல் நீரையும் எளிதிற் செரிக்கும் உணவையும் வேண்டி நிற்கும். கஞ்சி அதற்கு மிகவும் ஏற்றது. ஆயினும் முதற்பால் நிறைந்த கஞ்சியுடன் எண்ணெயில் பொரித்த சமோசா, கட்லட், ரோல்ஸ் என்பவற்றையும், சீனி மிகுந்த சர்பத்தையும் சேர்த்து உண்பதால் நோன்பு மாதத்தில் நிறை கூடுவோர் பலர்.

ஐவருக்கு அரைச் சுண்டு சிவப்பரிசிக் குறுநலும், காலையிலேயே ஊறவைத்த கால் சுண்டு பயறும், கொழுப்பு நீக்கிய இறைச்சி 150 கிராமும் எடுத்து, இஞ்சி, உள்ளி, வெந்தயம், கறுவா, இரம்பை என்பவற்றுடன் குழைய வேகவைக்க. பின்னர் இரண்டாம் பால் இரண்டு கோப்பை விட்டு ஒரு கொதி கொதித்ததும் ஒரு பிடி முருங்கை இலையை இட்டு இறக்குக. பேரீச்சம்பழமும் நீரும் முதலில், பின்னர் கஞ்சி, அதனுடன் பொரியலுக்குப் பதிலாக அவித்த கடலை அல்லது கௌபி. பொரித்த பண்டம் வேண்டுமாயின் ஆளுக்கு ஒன்றுடன் நிறுத்துக. நீரிழிவுக்கு மாத்திரை உண்போரும் ஊசி ஏற்றுவோரும் நோன்பு மாதம் பிறக்குமுன் தம் மருத்துவரைக் கண்டு, மருந்தின் அளவையும் வேளையையும் மாற்றிக்கொள்ளுதல் இன்றியமையாதது.

8. வட்டிலப்பமும் தேநீரும்

பெருநாள் வட்டிலப்பத்துக்குப் பத்து முட்டைக்கு அரைக் கிலோ கருப்பட்டி சேர்ப்பது பலரும் கைக்கொள்ளும் அளவு. அதனைப் பன்னிரண்டு பங்காக்கினால் ஒரு பங்கில் 40 கிராமுக்கு மேல் கருப்பட்டி இருக்கும். உணவிற் சேர்க்கும் சீனி வகைகள் எல்லாம் கூடி நாளொன்றுக்கு 50 கிராமுக்கு மேற்படலாகாதென்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. கருப்பட்டியும் சீனியினமே; அதில் உள்ள சிறிதளவு கனியுப்பு நீரிழிவைத் தடுக்காது.

எட்டு முட்டை, 300 கிராம் கருப்பட்டி, முதற்பால் ஒரு கோப்பை, இரண்டாம் பால் அரைக் கோப்பை எனக் கொண்டு, ஏலமும் சாதிக்காயும் சற்றுக் கூட்டி, பெரிய பாத்திரத்தில் அன்றிப் பன்னிரண்டு சிறு கிண்ணங்களில் அவித்தெடுக்க. ஒருவருக்கு ஒரு கிண்ணம். அதில் 25 கிராம் கருப்பட்டியே இருக்கும். கிண்ணத்தில் வைப்பதால் பங்கின் அளவும் கட்டுப்படும். விருந்தாளிக்கு அழகாகவும் இருக்கும்.

ஆண்டுக்குச் சில நாட்களே வரும் வட்டிலப்பத்திலும் நாள்தோறும் அருந்தும் தேநீர் கூடிய தீங்கு செய்யவல்லது. ஐந்து வேளைத் தேநீருக்கு வேளைக்கு இரண்டு தேக்கரண்டி சீனி வீதம் இட்டால், 40 கிராமுக்குக் குறையாது சேரும். வாரத்துக்கு அரைக் கரண்டி வீதம் குறைத்தால் நான்கு வாரத்தில் சீனியின்றி அருந்தப் பழகலாம். வயலுக்குக் கொண்டு செல்லும் போத்தலில் இஞ்சியிட்ட வெறுந்தேநீரும் மறுபோத்தலில் நீரும் இருத்தல் நன்று.

9. மரக்கறிக்கு வழி

ஒருவர் நாளொன்றுக்கு 400 கிராம் மரக்கறியும் பழமும் உண்ணல் வேண்டும். ஐவர் உள்ள வீட்டுக்கு இது 2 கிலோ ஆகும். அனைத்தையும் சந்தையில் வாங்குதல் எல்லோர்க்கும் இயலாது. மரக்கறி செய்வோரும் நல்லனவற்றை விற்று, விற்க இயலாதவற்றை உண்பதே வழக்கமாயுள்ளது. விற்பனைக்குப் பறிக்குமுன் வீட்டுக்குரியதை முதலில் எடுத்துவைத்தல் வேண்டும்.

கரையோர ஊர்களில் வீட்டுக்காணி சிறியது. மணற்றரை நீரைத் தேக்காது. அத்தகைய வளவில் உரச்சாக்குகளில் மேல்மண்ணும் மக்கிய எருவும் சம பங்காக நிரப்பிக் கத்தரி, வெண்டி, கொச்சி என்பவற்றை நடலாம். கிணற்றடியில் நீர் வழிந்தோடும் இடம் கங்குனுக்கும் பொன்னாங்காணிக்கும் ஏற்றது. மலகூடக் குழியின் பக்கம் அவற்றை நடலாகாது. சவர்க்கார நீர் மிகுதியாகச் சேரும் இடத்தையும் தவிர்க்க. வாழை நிழலில் வல்லாரை வளரும். வேலிக்கு முருங்கையும் அகத்தியும் நட்டால் வேலியே கறியாகும். பாகல், புடோல், பயிற்றை ஆகியவற்றுக்கு ஒரு பந்தல் போதும். நீர் போதாமையாற் சிறுபோகத்தில் நெல் விதைக்க இயலாத வயலில் பயறு விதைத்தால் இரண்டு மாதமளவில் காய் பறிக்கலாம், பருப்பு வாங்கும் செலவு குறையும், மண்ணும் வளம்பெறும்.

பூச்சிநாசினி தெளித்த மரக்கறியை உடனே உண்ணலும் விற்றலும் ஆகாது. தெளித்த நாளுக்கும் பறிக்கும் நாளுக்கும் இடையே விடவேண்டிய காலம் போத்தலின் சுட்டுத்துண்டில் குறிக்கப்பட்டிருக்கும். கீரைப் பாத்திக்கு நாசினி தெளிக்காதிருத்தலே மேல்.

10. தொடங்கும் முறை

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற முனைந்தால் வீட்டில் பிணக்கே விளையும். முதல் மாதம் உப்புப் பொதியில் நாளைக் குறித்தலும், ஆணத்தை இரண்டாம் பாலில் சமைத்தலும் போதும். இரண்டாம் மாதம் பிட்டுக்குக் குரக்கனைச் சேர்க்க. அடுத்த அறுவடையில் ஏழு மூடையை ஒதுக்குக. நாற்பது வயதைக் கடந்தோர் ஆண்டுக்கு ஒருமுறையேனும் அண்மையிலுள்ள அரசாங்க வைத்தியசாலையில் குருதியிலுள்ள சீனியையும் குருதியமுக்கத்தையும் சோதிப்பித்தல் வேண்டும். நீரிழிவு உள்ளோர் காலணியின்றி வயலில் இறங்கலாகாது. மாலையில் வீடு திரும்பியதும் பாதங்களைக் கழுவித் துடைத்து, விரலிடைகளை வெளிச்சத்திற் பார்த்தல் வேண்டும். கண் மங்கியவருக்கு மகனோ மகளோ பார்த்துச் சொல்லலாம்.

விதை, நாற்று, பயறு, குரக்கன் செய்கை என்பன பற்றிய விபரங்களை அவ்வப் பகுதி விவசாயப் போதனாசிரியரிடமும் கமநல சேவை நிலையத்திலும் பெற்றுக்கொள்ளலாம்.